அள்ளிக் கொடுக்க வேண்டாம்... கூட நில்லுங்கள்!

ஒரு மணி நேரம், ஒரு போன் கால், இருபது ரூபாய், கொஞ்சம் பொறுமை... சாமானியர் சாமானியருக்குச் செய்யக்கூடிய உதவிகள் பற்றிய சிறப்புக் கட்டுரை

திங்கட்கிழமை காலையில் தமிழ்நாட்டின் எந்த மாவட்டத் தலைநகரிலும் கலெக்டர் ஆபீஸ் வாசலுக்குப் போய்ப் பாருங்கள். அன்று மக்கள் குறைதீர் நாள். ஆதார், ரேஷன் கார்டு, நாலாக மடித்த பழைய மனு நகல் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மரத்தடியில் கூட்டம் உட்கார்ந்திருக்கும். மனு எழுதித் தருபவரைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். உதவித்தொகை திடீரென நின்றுபோன பாட்டி, மகன் இறந்த பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு அலையும் தாய், பட்டாவில் பெயர் மாறாத விவசாயி என்று ஆளுக்கொரு கதை. இவர்களில் பலருக்கு வேண்டிய சட்டமும் திட்டமும் ஏற்கெனவே இருக்கின்றன. ‘இந்த கவுன்ட்டர் இல்லம்மா, வாங்க, நான் காட்டுறேன்’ என்று கூட நடந்துவரத்தான் ஆள் இல்லை.

உதவி என்றதும் நமக்குப் பணம்தான் நினைவுக்கு வருகிறது. பணம் என்றதும், ‘தனக்கு மிஞ்சித்தான் தானம்’ என்ற பழமொழி துணைக்கு வந்துவிடுகிறது. வீட்டுக்கடன் முடியட்டும், பெண்ணுக்குக் கல்யாணம் ஆகட்டும், ரிட்டயர் ஆனதும் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறோம். மிஞ்சுகிற அந்த நாள் பெரும்பாலோருக்கு வருவதே இல்லை.

மிஞ்சட்டும் என்று காத்திராதவர்களும் நம்மிடையே உண்டு. கோவை வடிவேலம்பாளையத்தில் விறகடுப்பில் இட்லி சுட்டு, ஒன்று ஒரு ரூபாய்க்கு விற்ற கமலாத்தாள் பாட்டி பணக்காரர் இல்லை. ஸ்ரீவைகுண்டம் குமரகுருபர சுவாமிகள் கலைக்கல்லூரியின் நூலகராக இருந்து, சம்பளத்தைப் பிறருக்குக் கொடுத்து வாழ்ந்த ‘பாலம்’ கல்யாணசுந்தரத்துக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் அளவுக்கு நம்மால் முடியாது என்று சொல்லலாம், நியாயம்தான். ஆனால், படிவம் படிக்கத் தெரிந்த கண்ணும், அதிகாரியிடம் தயங்காமல் கேள்வி கேட்கும் வாயும், ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரமும் நம்மில் பலரிடம் இருக்கின்றன. ஏழைக்கு இன்று பெரிய தட்டுப்பாடு இவற்றுக்குத்தான்.

படிவம் நிரப்பத் தெரியுமா? நீங்களும் வள்ளல்தான்!

முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். அதேபோல் பையன்களுக்கு 2024-ல் தொடங்கிய ‘தமிழ்ப் புதல்வன்’. காகிதத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது.

கவுன்ட்டருக்குப் போனால்தான் சிக்கல் தெரியும். ஆதாரில் முனியம்மாள், ரேஷன் கார்டில் முனியம்மா. ஓர் எழுத்துக்காக விண்ணப்பம் திரும்பி வரும். ஓ.டி.பி. போகிற செல்போன் எண், எப்போதோ தொலைந்துபோன சிம்முடையது. வருமானச் சான்றிதழுக்கு ஒரு நாள், அதைத் திருத்த ஒரு நாள். ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி. மூன்றாவது முறை, ‘நமக்குக் கொடுப்பினை இல்ல’ என்று பையை மடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

இங்கேதான் நாம் நுழைய வேண்டும். உங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன், தெருமுனையில் இஸ்திரி போடுபவர், பூக்கார அம்மா ஆகியோரில் ஒருவரிடம் இந்த வாரம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “காப்பீட்டு அட்டை வாங்கிட்டீங்களா?” பெரும்பாலானவர்கள், வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் அதைத் தேடுவார்கள். நோயாளி பெட்டில் இருக்க, மனைவி வருமானச் சான்றிதழுக்கு வி.ஏ.ஓ. ஆபீஸுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் ஓடுவாள். நோய் வருவதற்கு முன்பே ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் மூன்றையும் சரிபார்த்து, கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குக் கூட்டிப்போய் அட்டை வாங்கித் தந்தால், ஒரு குடும்பத்தைக் கந்துவட்டிக்காரரிடமிருந்தே காப்பாற்றியதாகும்.

மூன்று விஷயங்களில் கவனம் தேவை. அசல் ஆவணங்களை உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள். ஏ.டி.எம். பின் நம்பரையோ ஓ.டி.பி.யையோ கேட்காதீர்கள்; யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். எல்லாவற்றையும் நீங்களே செய்து முடிக்காமல், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அடுத்த முறை அவரே போக வேண்டும்.

வழக்கு என்றாலே பயந்து ஒதுங்குபவர்களுக்கும் ஒரு தகவலைச் சொல்லலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. குடிகாரக் கணவனிடம் அடி வாங்கும் பெண்ணுக்கு, வக்கீல் வைக்கக் காசு வேண்டாம் என்ற ஒரு வரித் தகவலே பெரிய பலம்.

முதலில் நம் வீட்டு வாசல்

அநாதை இல்லத்துக்குப் பிறந்தநாள் சாப்பாடு போடும் பல வீடுகளில், பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்குத் தனி டம்ளர் இருக்கிறது. சில அபார்ட்மென்ட்களில் அவர் ஏறுவதற்குத் தனி லிஃப்ட். உதவி செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் அந்த டம்ளரைத் தூக்கிப் போட வேண்டும்.

அடுத்தது, சம்பளம். ஒன்றாம் தேதி கொடுப்பதாகச் சொன்னால் ஒன்றாம் தேதியே கொடுங்கள். நமக்கு ஐந்தாம் தேதி என்பது நான்கு நாள் தாமதம். அவருக்கு அது நான்கு நாள் வட்டி. ஊருக்குப் போகும் மாதத்தில் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை கொடுங்கள்.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு என்று தனி நல வாரியம் 2007-லிருந்து இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, மகப்பேறு உதவி, விபத்து நிவாரணம், 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் என்று பலன்கள் உண்டு. நம் வீட்டில் பத்து வருடமாக வேலை செய்பவர் அதில் பதிவு செய்திருக்கிறாரா என்று நமக்குத் தெரியுமா? கட்டடத் தொழிலாளி, ஆட்டோ ஓட்டுநர், தையல்காரர் என்று பல தொழில்களுக்கும் இதுபோலத் தனித்தனி வாரியங்கள் உள்ளன.

இன்னொன்று, இருபது ரூபாய் விஷயம். பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா என்ற விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்குப் பிரீமியம் 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்கு உள்ள எவரும் சேரலாம். விபத்தில் இறந்தாலோ முழு ஊனம் ஏற்பட்டாலோ 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். 18 முதல் 50 வயதுக்காரர்களுக்கான ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 436 ரூபாய். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். இரண்டும் சேர்ந்து 456 ரூபாய். தீபாவளிக்குக் கொடுக்கும் புடவையோடு இதையும் கட்டிவிடலாம். முக்கியமாக, இப்படி ஒரு பாலிசி இருக்கிறது என்று அவர் வீட்டாரிடம் சொல்லிவைக்க வேண்டும். தெரியாத பாலிசியை யாரும் கேட்டு வாங்க முடியாது.

குப்பை விஷயத்துக்கு ஒரு பைசாகூடச் செலவில்லை. உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி ஆகியவற்றைத் தடிமனான பேப்பரில் சுற்றி, ‘கண்ணாடி’ என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். நாப்கினையும் சுற்றிக் கொடுங்கள். வெறுங்கையால் குப்பையைப் பிரிப்பவரும் ஒரு மனிதர். செப்டிக் டேங்க் நிறைந்தால் லாரியைக் கூப்பிடுங்கள். அதற்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ‘அவரே இறங்குறேன்னு சொல்றாரே’ என்பது சாக்கு ஆகாது.

தேர்வு அறையில் ஒரு கை

பார்வை மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவர் மூன்று ஆண்டுகள் படித்த படிப்பு, தேர்வு நாளன்று இன்னொருவரின் கையை நம்பியிருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல எழுதுபவரை ‘ஸ்க்ரைப்’ என்பார்கள். கல்லூரித் தேர்வுகளுக்கும் போட்டித் தேர்வுகளுக்கும் ஸ்க்ரைப் தேடி அலைவது இந்த மாணவர்களின் தீராத கவலை.

இதற்கு வேண்டிய தகுதி, தெளிவான கையெழுத்தும் நேரம் தவறாமையும்தான். பொதுவாக, தேர்வு எழுதுபவரைவிட ஸ்க்ரைபின் படிப்பு குறைவாக இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. எனவே பிளஸ் டூ, கல்லூரி மாணவர்களுக்கும் இதில் நிறைய வேலை இருக்கிறது. மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைப்படி ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். மூன்று மணி நேரத் தேர்வு என்றால் நான்கு மணி நேரம் உட்காரத் தயாராகப் போக வேண்டும்.

கேள்வியை அவசரப்படாமல் இரண்டு முறை படியுங்கள். எந்தக் கேள்விக்கு எத்தனை மார்க் என்று சொல்லுங்கள். அவர் சொல்வதை மட்டும் எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்த பதிலைச் சேர்ப்பதும், அவருடைய வாக்கியத்தைத் திருத்துவதும் வேண்டாம். மீதி எவ்வளவு நேரம் என்று அவ்வப்போது சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வருகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டு முதல் நாள் இரவு ‘சாரி’ என்று மெசேஜ் அனுப்பாதீர்கள். அது அவருடைய ஓர் ஆண்டைப் பறித்துவிடும். வெளியூரில் இருப்பவர்கள் பாடப் புத்தகத்தை வாசித்து செல்போனில் பதிவு செய்து அனுப்பலாம்.

சாலையைக் கடக்க உதவும்போதும் ஒரு முறை இருக்கிறது. கையைப் பிடித்து இழுக்காதீர்கள், ஸ்டிக்கைத் தொடாதீர்கள். ‘உதவட்டுமா?’ என்று கேட்டு, உங்கள் முழங்கைக்கு மேல் அவர் பிடித்துக்கொள்ளும்படி கொடுத்து, அரை அடி முன்னால் நடங்கள். படி வந்தால் சொல்லுங்கள். விடைபெறும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள்.

வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகான இரண்டு மாதங்கள் மிக முக்கியமானவை. பொறியியல் கவுன்சலிங் இப்போது ஆன்லைனில் நடக்கிறது. எந்தக் கல்லூரியை எந்த வரிசையில் போடுவது என்பதில்தான் நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளும் கோட்டை விடுகிறார்கள். கிடைத்த இடத்தைக் குறித்த நேரத்துக்குள் உறுதி செய்யாமல் இழப்பவர்களும் உண்டு. கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர் ஒரு பிள்ளையோடு இரண்டு மாலை உட்கார்ந்தால் போதும். முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு, 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்ற தகவல்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்பா வயலில் இருப்பார். அவருக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை.

ரத்தமும் கண்ணும்

18 முதல் 65 வயது, குறைந்தது 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 கிராம். இவை இருந்தால் ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் ரத்தம் கொடுக்கலாம். கொடுத்த ரத்தத்தைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரித்து வெவ்வேறு நோயாளிகளுக்குச் செலுத்துகிறார்கள். தட்டணுக்களை ஐந்து நாள்தான் வைத்திருக்க முடியும். ஒரு தலைவரின் பிறந்தநாளில் ஆயிரம் பேர் வரிசையில் நிற்பதைவிட, ஆண்டு முழுதும் வாரந்தோறும் சிலர் வருவதே ரத்த வங்கிக்கு வேண்டும். கல்லூரிகளுக்கு விடுமுறை விடும் கோடையில் முகாம்கள் குறையும். அப்போது போனால் உங்கள் ஒரு யூனிட்டுக்கு மதிப்பு கூடுதல்.

கண் தானத்துக்கு உறுதிமொழி அட்டையில் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. இறந்த பிறகு போன் செய்ய வேண்டியவர்கள் வீட்டில் உள்ளவர்கள்தான். ஆகவே சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிவையுங்கள். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுக்க வேண்டும். அதுவரை இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைக்க வேண்டும். ஃபேனை நிறுத்திவிட்டு, தலையைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். கண்ணாடி போட்டவர்கள், சர்க்கரை நோயாளிகள், கண்புரை ஆபரேஷன் செய்தவர்கள் எல்லோருமே கொடுக்கலாம். கண் வங்கியிலிருந்து வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார்கள், முகம் விகாரமாகாது. ஒருவரின் இரண்டு கருவிழிகள் இருவருக்குப் பார்வை தரும்.

வண்டியை நிறுத்துங்கள்

சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார். ‘நமக்கு எதுக்கு வம்பு, போலீஸ், கோர்ட்டுன்னு அலையணும்’ என்று கடந்துபோன காலம் முடிந்திருக்க வேண்டும். 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதற்கான நெறிமுறைகளை உறுதி செய்தது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவர் மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது. பெயர், முகவரி சொல்ல உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆஸ்பத்திரி உங்களைப் பிடித்துவைக்கவோ பணம் கட்டச் சொல்லவோ முடியாது.

‘அட்மிஷனுக்குப் பணம் யார் கட்டுவது?’ என்ற கவலைக்கும் பதில் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரரானாலும், திட்டத்தில் சேர்ந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். 108-ஐக் கூப்பிட்டு, ஊர், சாலை, அருகில் உள்ள அடையாளம் மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். ரத்தம் கொட்டும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். கழுத்திலோ முதுகிலோ அடி என்று தோன்றினால் புரட்டாதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். செல்போனில் வீடியோ எடுப்பவரை, அதே செல்போனால் அடிபட்டவரின் வீட்டாருக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள்.

கண்ணாடி, தலைக்கு எண்ணெய்...

காஞ்சிபுரத்தில் காமாட்சி இருநாழி நெல்லைக் கொண்டு முப்பத்திரண்டு அறங்களைச் செய்தாள் என்று கதை உண்டு. அந்த முப்பத்திரண்டின் பட்டியலைப் படித்தால் வியப்பாக இருக்கும். சோறு, மடம், குளம், தண்ணீர்ப் பந்தல் எல்லாம் எதிர்பார்த்தவைதான். அவற்றோடு நாவிதர், வண்ணார், கண் மருந்து, தலைக்கு எண்ணெய், முகம் பார்க்கும் கண்ணாடி ஆகியவையும் இருக்கின்றன. ஏழைக்கு வயிறு மட்டுமல்ல, முகமும் உண்டு. தலைசீவி, வெளுத்த துணி உடுத்தி நாலு பேர் நடுவே நடக்க அவருக்கும் ஆசை உண்டு என்று அந்தப் பட்டியலைப் போட்டவருக்குத் தெரிந்திருக்கிறது.

நாம்தான் மறந்துவிட்டோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாடெங்கும் இருந்து வந்த பழைய துணிகள் நாகப்பட்டினம் பக்கம் சாலையோரங்களில் குவியல் குவியலாகக் கிடந்தன. கிழிந்தவை, அழுக்கானவை, கடற்கரைக் கிராமத்தில் யாரும் உடுத்தாதவை. மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. உடைமையை இழந்தவர்கள் மானத்தை இழக்கவில்லை.

எனவே துணி கொடுப்பதானால் துவைத்து, பட்டன் தைத்து, இஸ்திரி போட்டுக் கொடுங்கள். உங்கள் தம்பிக்குக் கொடுக்கத் தயங்கும் துணியை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். முதியோர் இல்லத்துக்குப் போகிறீர்களா? கேக் வெட்டிப் படம் எடுப்பதற்குப் பதிலாக, முடி திருத்துபவரை அழைத்துப் போங்கள். நகவெட்டி, தேங்காய் எண்ணெய், உள்ளாடை, நாப்கின் போன்ற, யாரும் கேட்கக் கூச்சப்படும் பொருட்களை வாங்கிப் போங்கள். போகும் முன், என்ன வேண்டும் என்று அங்கே ஒரு போன் போட்டுக் கேளுங்கள். தீபாவளியன்று பல இல்லங்களில் ஸ்வீட் பெட்டிகள் அடுக்கிக் கிடக்கும். அடுத்த புதன்கிழமை பால் வாங்க ஆள் தேடுவார்கள்.

அன்னதானம் நமக்குப் புதிதல்ல. வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. இன்றைய பிரச்னை, கல்யாண வீட்டில் மிஞ்சுவதும் அடுத்த தெருவில் பசிப்பதும் சந்திக்காமல் போவது. கோவையில் 2014-ல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ போன்ற அமைப்புகள் மிஞ்சிய சாப்பாட்டை எடுத்துப்போய்க் கொடுக்கின்றன. கடைசிப் பந்தி முடிந்து, எல்லாம் ஆறிய பிறகு கூப்பிட்டுப் பயனில்லை. முகூர்த்த நாளுக்கு முன்பே பேசிவையுங்கள். இலையில் பரிமாறாத, கைபடாத சாப்பாட்டை மட்டும் சூடாக மூடிக் கொடுங்கள். தேங்காய்ச் சட்னியும் தேங்காய் அரைத்துவிட்ட கூட்டும் முதலில் கெடும், அவற்றை விட்டுவிடுங்கள். நாம் சாப்பிடத் தயங்குவதை அவர்களுக்குப் போடுவது தானமாகாது.

தெருவில் ஒருவரைப் பார்த்தால்...

சிக்னலில் குழந்தை கை நீட்டுகிறது. காசு கொடுப்பதா, கொடுக்காமல் போவதா என்று மனம் தடுமாறும். காசு கொடுத்தால் அந்தக் குழந்தை நாளையும் அதே சிக்னலில்தான் நிற்கும். 1098-க்கு ஒரு போன் செய்யுங்கள். நாள் முழுதும் இயங்கும், கட்டணம் இல்லாத எண் அது.

மனநலம் குன்றிச் சாலையில் திரிபவர்களைப் பார்த்து ஒதுங்கிப் போகிறோம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படித் திரிபவர்களைப் பாதுகாப்பில் எடுத்துச் சிகிச்சைக்கு வழி செய்வதைக் காவல் நிலையத்தின் கடமையாக்கியிருக்கிறது. காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். சென்னையில் 1993 முதல் இயங்கும் ‘தி பன்யன்’ போன்ற அமைப்புகளில் சிகிச்சை பெற்று, பெயரும் ஊரும் நினைவு வந்து வீடு திரும்பியவர்கள் உண்டு. சென்னையில் மழையில் நனைந்து கிடக்கும் வீடற்றவருக்கு மாநகராட்சிக் காப்பகங்கள் இருக்கின்றன, 1913 என்ற எண்ணுக்கு போன் செய்து சொல்லலாம்.

கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நடுவது நம் ஊர்களில் வழக்கமாக இருந்தது. தலைச்சுமையோடு நடந்து வருபவர், யாரையும் ‘கொஞ்சம் இறக்கிவிடுங்க’ என்று கெஞ்சாமல் தாமே இறக்கிவைத்து இளைப்பாற, தோளுயரத்தில் ஒரு கல். உதவி வாங்குகிறோம் என்ற கூச்சம்கூட வராமல் உதவத் தெரிந்தவர்கள் நம் முன்னோர். இன்றைய சுமைதாங்கிகள் வேறு உருவத்தில் இருக்கலாம்: சித்திரை வெயிலில் கேட் ஓரம் ஒரு தண்ணீர்ப் பானை, டெலிவரி பையன் உட்கார வாசலில் ஒரு ஸ்டூல், கீரைக்கார அம்மாவிடம் பேரம் பேசாத வாய்.

பணம் கொடுப்பதானால்...

பணமும் வேண்டியதுதான். அதைக் கொடுக்கும் முறையை நம் பாட்டிகளிடமிருந்து கற்கலாம். உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். மாதக் கடைசியில் அது கோயிலுக்கோ, மடத்துக்கோ, இல்லாத வீட்டுக்கோ போகும். தேவாலயங்களிலும் இதே வழக்கம் உண்டு. அந்தக் கைப்பிடியால் யார் வீட்டிலும் சோறு குறைந்ததில்லை. தினமும் எடுத்ததால் அது மூட்டையானது.

அதுபோல மாதம் நூறு ரூபாய் என்றாலும் தவறாமல் கொடுங்கள். திடீரென வரும் ஐயாயிரத்தைவிட, தேதி தவறாமல் வரும் ஐந்நூறை நம்பித்தான் ஒரு காப்பகம் மாதச் செலவைத் திட்டமிட முடியும். வாட்ஸ்அப்பில் வரும் ‘குழந்தைக்கு ஆபரேஷன்’ செய்திகளை விசாரிக்காமல் பரப்பாதீர்கள். ஆஸ்பத்திரியில் கேட்டு, நோயாளியின் பெயரில் ஆஸ்பத்திரிக் கணக்கிலேயே கட்டுங்கள். அமைப்புகளுக்குக் கொடுத்தால் ரசீது கேளுங்கள். கொடுக்கும்போது வாங்குபவரின் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். அரிசி மூட்டையோடு ஃபேஸ்புக்கில் வந்த தாயின் மகன் மறுநாள் வகுப்பறைக்குப் போக வேண்டும்.

செல்போனில் சேமியுங்கள்

108 – ஆம்புலன்ஸ்
104 – மருத்துவ ஆலோசனை
1098 – குழந்தைகள் உதவி
181 – பெண்கள் உதவி
14567 – முதியோர் உதவி
14416 – மனநல ஆலோசனை
15100 – இலவசச் சட்ட உதவி
1930 – ஆன்லைன் பணமோசடிப் புகார்

இவற்றை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, அபார்ட்மென்ட் காவலாளி அறையிலும் தெருமுனை டீக்கடையிலும் ஒட்டிவைப்பதுகூட ஒரு தொண்டுதான்.

ஒன்றே ஒன்று

இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாவற்றையும் செய்ய முயல வேண்டாம். முயல்பவர்கள் முதல் மாதத்திலேயே களைத்துவிடுவார்கள். உங்கள் வேலைக்கும் குணத்துக்கும் பொருந்துகிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வங்கியில் வேலை செய்பவர் காப்பீட்டைப் பார்க்கட்டும். ஆசிரியர் கவுன்சலிங்கைப் பார்க்கட்டும். பேசக் கூச்சப்படுபவர் ரத்தம் கொடுக்கட்டும். ஓய்வுபெற்ற தாசில்தாரும் எழுத்தரும் திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸ் மரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால், ஒரு மாவட்டமே அவர்களை வாழ்த்தும்.

ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவருடைய வேலை முடியும் வரை விடாதீர்கள். பத்துப் பேருக்குப் பாதி உதவி செய்வதைவிட ஒருவருக்கு முழு உதவி செய்வதே மேல். வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவிடம், ‘உங்க ரேஷன் கார்டையும் ஆதாரையும் நாளைக்கு எடுத்துட்டு வாங்கம்மா, சேர்ந்து பார்ப்போம்’ என்று சொல்லுங்கள்.